கட்டையில் படரும் நீர்ப்பூண்டுகள்: குடியானவர் கைக்கொள்ளத்தக்க உபதொழிலா?

வயலில் விளையும் தானியமும், தோட்டத்தில் விளையும் காய்கனியுமே விவசாயத்தைச் சேர்ந்தவை என்று கருதுவோர் பலர் உளர். மல்லிகை பசியை ஆற்றுவதில்லை; வெற்றிலை வயிற்றை நிரப்புவதில்லை. ஆயினும் பூந்தோட்டமும் கொடிக்காலும் எத்தனையோ குடும்பங்களுக்குச் சோறளித்து வருகின்றன. ஜனங்கள் எதனை விரும்பி விலை கொடுத்து வாங்குகிறார்களோ, அதனை மண்ணும் நீரும் கெடாத வண்ணம் விளைவித்துக் கொடுப்பதும் குடியானவர் தொழிலேயாகும். இந்த நோக்குடன் பார்க்குமிடத்து, நகரவாசிகள் தங்கள் இல்லங்களில் வைத்துள்ள கண்ணாடித் தொட்டிகளுக்கு வேண்டிய நீர்ப்பூண்டுகளை விளைவிப்பது பற்றியும் ஆலோசிப்பது தகுதியேயன்றி வீண் பேச்சாகாது.

மீன் தொட்டி என்றால் சிவப்பு மீன் இரண்டும் வர்ணக் கூழாங்கற்களும் இட்ட பெட்டி என்று எண்ணிய காலம் போய்விட்டது. இப்பொழுது தொட்டிக்குள் ஒரு சிறு வனத்தையே அமைக்கிறார்கள். அடியில் பசுங் கம்பளம் விரித்தாற்போல் குறும் பூண்டுகள். நடுவே வெள்ளத்தில் அடித்து வந்து ஒதுங்கிய முறுக்கேறிய கட்டைகள். அக்கட்டைகளின் மேலும் பசுமை படர்ந்து, பல்லாண்டு காலம் ஓடைக் கரையில் கிடந்த மரம்போல் தோன்றும். ஜப்பான் தேசத்து நிகாட்டாவில் 1954ஆம் வருஷம் பிறந்து 2015இல் காலஞ்சென்ற தகாஷி அமானோ என்பவரே இக்கலையை உலகெங்கும் பரப்பியவர். அவர் கடைசியாக அமைத்தவற்றுள் ஒன்று போர்த்துகல் தேசத்து லிஸ்பன் நகரக் காட்சிசாலையில் 2015ஆம் வருஷம் திறக்கப்பெற்றது. 40 மீட்டர் நீளமும் சுமார் 1,60,000 லிட்டர் ஜலமும் கொண்டது. இந்நாட்டிலும், சென்னைக் கொளத்தூர் முதலிய இடங்களில் அலங்கார மீன் வியாபாரம் செழித்திருப்பதை அறியாதவர் இல்லை. மீன் போகுமிடத்துக்குப் பூண்டும் போகிறது.

இத்தொழிலில் ஆதாயம் உண்டு என்று சொல்வோர் உளர். இது பணக்காரர் விளையாட்டு, குடியானவருக்கு இதில் என்ன வேலை என்று தள்ளுவோரும் உளர். இரு திறத்தாரும் பாதி உண்மையையே கூறுகின்றனர். நிழலும் நல்ல நீரும் வீட்டாரின் கைவேலையும் உள்ள இடத்தில் இது ஒரு நல்ல சிறு உபதொழிலாகும். ஆனால் எந்தப் பூண்டை, எவ்விடத்தில், எந்நீரில், எவ்வளவு அளவில் வளர்ப்பது என்னும் நிதானம் இல்லாமல் இறங்கினால் கைப்பொருளும் போகும். அதைவிடப் பெரிதாக, ஊர் ஏரியும் கெடும். ஆகையால் இரண்டையும் எடைபோட்டுப் பார்த்தல் அவசியம்.

வேருள்ளவையும் வேரில்லாதவையும்

கம்பளம்போல் படரும் பூண்டுகள் எல்லாம் ஒரு ஜாதி என்று கொள்வதே முதலில் நேரும் பிழை. அவை இரு வகைப்படும். முதல் வகையினவற்றுக்கு மெய்யான வேர் உண்டு. ஆஸ்திரேலியா, நியூஜிலாந்து தேசங்களில் தோன்றிய குளாஸ்ஸோஸ்டிக்மா, கியூபாத் தீவைச் சேர்ந்த ஹெமியாந்தஸ், அர்ஜெண்டினாவிலிருந்து வந்து மாண்டி கார்லோ என்று வியாபாரத்தில் வழங்கும் பூண்டு ஆகியவை இவ்வகையின. இவை தரையில் ஓடிக் கணுவுக்குக் கணு வேர்விட்டுப் படரும். நம் வயல் வரப்போரங்களில் மண்டும் ஆரைக்கீரையின் இனத்தைச் சேர்ந்த சிலவும் இவ்வாறே தொட்டிகளில் கம்பளமாக வளர்க்கப்படுகின்றன. ஆரை ஓடும் விதத்தைக் கண்டிருக்கும் குடியானவருக்கு இதனை விளக்க வேண்டுவதில்லை.

இரண்டாம் வகையினவற்றுக்கு மெய்யான வேர் கிடையாது. ஜாவா மாஸ், கிறிஸ்துமஸ் மாஸ் என்று வியாபாரிகள் கூறும் பாசி வகைகளும், ரிக்ஸியா என்னும் மிதக்கும் பூண்டும் இதில் அடங்கும். தமிழில் பாசி என்ற ஒரே சொல்லால் குளத்து வழுவழுப்பையும், ஈரச் சுவரில் வளரும் இலைப்பாசியையும் குறிக்கிறோம். முன்னது தொட்டிக்குச் சத்துரு. பின்னதே விலைக்குப் போவது. இந்த இலைப்பாசி மெல்லிய இழைகளால் கட்டையையும் கல்லையும் பற்றிக்கொள்ளும். அவ்விழைகள் பிடிப்புக்கே முக்கியமாக உதவுவன. ஆகாரத்தை அது இலைமேனி முழுவதாலும் நீரிலிருந்தே உறிஞ்சுகிறது. ஆகவே கட்டை அதற்குப் பூமி அன்று. வெற்றிலைக் கொடிக்கு அகத்தி எப்படியோ அப்படியே பற்றுக்கோடு மாத்திரமாகும்.

இவ்விரண்டுக்கும் இடைப்பட்டவையாக, மேற்கு ஆப்பிரிக்காவின் அனுபியாஸ், போர்னியோத் தீவின் பூசிபலாண்ட்ரா, தென்கிழக்கு ஆசியாவின் ஜாவா பெரணி ஆகியவை உள. இவற்றுக்கு மஞ்சள் கிழங்கு போன்ற கிடைத்தண்டு உண்டு. அத்தண்டை மண்ணில் புதைத்தால் அழுகும். கட்டையின்மேல் கட்டிவிட்டால் பிழைத்துக்கொள்ளும்.

இந்தப் பேதத்திலிருந்தே விவசாயிக்கு வேண்டிய தீர்மானம் கிடைக்கிறது. வேருள்ள கம்பளப் பூண்டைக் கட்டையில் ஏற்றுவது கூடாத காரியம் அன்று. கட்டையின் பள்ளங்களில் மண் இட்டோ, பாசிமெத்தையின் மேல் செருகியோ வளர்ப்போர் இருக்கிறார்கள். ஆயினும், பலத்த விளக்கும், நீரில் கரைத்துவிடும் கரியமிலவாயுவும் இல்லாத தொட்டியில் அது நெடுநாள் நிலைப்பது அரிது. காற்றோடு சமநிலையில் நிற்கும் ஜலத்தில், லிட்டருக்குச் சுமார் அரை மில்லிகிராம் கரியமிலவாயுவே கரைந்திருக்கும். இக்கலையில் தேர்ந்தவர்களோ தங்கள் தொட்டிகளில் 20 முதல் 30 மில்லிகிராம் வரை நிறுத்துகிறார்கள். அதற்கு வேண்டிய உருளையும் கருவிகளும் விலைமிக்கவை. வாங்குவோர் எல்லாரிடமும் அவை இரா. ஆதலின் கட்டை வியாபாரத்தில் புகும் குடியானவர் இலைப்பாசியையும் கிடைத்தண்டுப் பூண்டுகளையும் முதலில் கைக்கொள்வதே விவேகம். வாங்கியவர் வீட்டில் மூன்றாம் மாதமும் பசுமை மாறாதிருந்தால்தான் மறுமுறை நம்மிடம் வருவார்.

ஜலத்துக்கு மேலே வளர்த்தல்

நீர்ப்பூண்டு என்ற பெயரைக் கேட்டதும், ஏரி போன்ற பெருந்தொட்டி கட்டவேண்டும் என்று சிலர் மயங்குகிறார்கள். உண்மை வேறு. டென்மார்க், சிங்கப்பூர் முதலிய தேசங்களில் இப்பூண்டுகளை வியாபாரத்துக்கு விளைவிக்கும் பண்ணைகளில், பெரும்பாலானவை ஜலத்துக்கு வெளியே, ஈரமான காற்றிலேயே வளர்க்கப்படுகின்றன. காரணம் எளிது. கரியமிலவாயு காற்றில் பரவுவதைவிட ஜலத்தில் சுமார் பதினாயிரம் மடங்கு மெதுவாகப் பரவுகிறது. எனவே அமிழ்ந்த பூண்டு பசித்தே வளர்கிறது. காற்றிலுள்ள பூண்டு தாராளமாக உண்டு விரைந்து வளர்கிறது. வழுவழுப்புப் பாசியும் ஈரக்காற்றில் அவ்வளவாக அண்டாது.

மூடிய ஈரப்பெட்டியில் செடி வளர்க்கும் வித்தை புதிதுமன்று. லண்டன் வைத்தியரான நதானியேல் வார்டு 1829ஆம் வருஷ வாக்கில், இறுக மூடிய கண்ணாடிப் புட்டியில் செடி தானே நீர் சுழற்றிப் பிழைப்பதைக் கண்டார். அவர் வகுத்த கண்ணாடிப் பெட்டிகளிலேயே பின்னர் ராபர்ட் பார்ச்சூன் என்பவர் சீன தேசத்துத் தேயிலைக் கன்றுகளை இந்தியாவுக்கு அனுப்பினார். இன்று கட்டைமேல் பாசி ஏற்றுவதற்கு அதே தத்துவம் போதும்.

6 அடி நீளமும் 3 அடி அகலமும் உள்ள ஆழமற்ற தட்டு ஒன்றை எடுத்துக்கொண்டால், அரை அடிச் சதுரத்துக்கு ஒன்றாக 72 சிறு கட்டைகளை அதில் அடுக்கலாம். அடியில் ஓர் அங்குலம் நீர் நிற்கவேண்டும். மேலே தெளிவான நெகிழித் தாள் மூடி, நாள்தோறும் சற்றுத் திறந்து காற்று மாற்றிப் புகைபோல் நீர் தெளித்து வந்தால், இலைப்பாசி இரண்டு மூன்று மாதங்களில் கட்டையைப் பற்றிக்கொள்ளும். நேர் வெயில் கூடவே கூடாது. நிழல் வலையின் கீழோ தென்னந்தோப்பின் நிழலிலோ வைத்தல் வேண்டும். கொடிக்கால் வைத்தவர்கள் நிழலின் அளவையும் ஈரத்தின் அளவையும் கையால் அறிவர். அவர்களுக்கு இத்தொழில் எளிதில் கைவரும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. இலைப்பாசிகளிற் பல 20 முதல் 26 டிகிரி செல்ஷியஸ் உஷ்ணத்தில் நன்கு தழைப்பன. 30 டிகிரிக்கு மேல் நீடித்தால் பழுப்பேறி வாடும். தஞ்சை, வேலூர் முதலிய சமவெளிகளில் சித்திரை வைகாசி வெயில் இதற்குப் பகை. மலையடிவாரத்திலும் சோலை நிழல் உள்ள இடத்திலும் உள்ளோரே இதில் முந்தலாம். சமவெளியினர் வெப்பம் தாங்கும் அனுபியாஸ் வகையை மேற்கொள்வது நன்று. அது மெதுவாக வளரும், ஆனால் எளிதில் சாவதில்லை.

நீரின் குணமும் முக்கியம். உவர்க் கிணற்று நீர் இதற்கு உதவாது. சுண்ணாம்பு மிகுந்த நீரைத் தெளித்தால் இலைமேல் வெண்படலம் படிந்து பாசி மூச்சடைத்துப் போகும். மழைநீரைச் சேமித்து வைத்துத் தெளிப்பதே உத்தமம். ஐப்பசி, கார்த்திகையில் கூரைநீரைத் தொட்டியில் பிடித்து மூடி வைப்பவருக்கு இத்தொழிலுக்கு வேண்டிய நீர் பெரும்பாலும் கிடைத்துவிடும்.

கட்டையின் தேர்வு

எந்தக் கட்டையும் ஆகும் என்று நினைத்தல் தவறு. பச்சை மரம் கூடாது. அதன் பால் நீரில் இறங்கி அழுகி நாறும். பிசின் மிகுந்த பைன் போன்ற மரங்களும் ஆகா. நெடுநாள் கிடந்து, பட்டை முற்றும் கழன்று, மென்பாகம் மக்கிப்போய், வயிரம் மாத்திரம் எஞ்சிய கனத்த கட்டையே ஏற்றது. வர்ணம் பூசியது, கரையானுக்கு மருந்திட்டது, எண்ணெய் ஏறியது ஆகிய எதையும் தொடலாகாது. கடற்கரையில் ஒதுங்கிய கட்டையில் உப்பு ஊறியிருக்கும். நீரைப் பலமுறை மாற்றிப் பல வாரங்கள் ஊறவைக்காமல் பயன்படுத்தக் கூடாது. கட்டை கிடைக்காத இடத்தில் தேங்காய்ச் சிரட்டையும் இலைப்பாசிக்கு நல்ல பற்றுக்கோடாகும்.

தேர்ந்த கட்டையைத் தேய்த்துக் கழுவி, கொதிநீரில் வேகவைத்தோ, இரண்டு மூன்று வாரங்கள் ஊறவைத்து நீர் மாற்றியோ பக்குவப்படுத்த வேண்டும். அப்பொழுது தேயிலைச் சாறுபோல் நிறம் இறங்கும். அது கட்டையிலுள்ள துவர்ப்புச் சத்து. மீனுக்குக் கேடன்று, நீரைச் சிறிது புளிப்பாக்குவதே அதன் குணம். ஆயினும் வாங்குவோர் மஞ்சள் நீரைக் கண்டு அஞ்சுவர். ஆதலால் சாறு குறையும் வரை ஊறவைத்தே விற்கவேண்டும். புதுக் கட்டையின்மேல் முதல் வாரங்களில் வெண்பஞ்சு போன்ற பூஞ்சணம் தோன்றும். அதுவும் தானே மறையும். இறாலும் நத்தையும் அதை விரும்பி உண்ணும். நீரில் மிதக்கும் கட்டையை ஒரு பலகைக்கல்லோடு பிணைத்துவிடல் நலம்.

பாசியைப் பொடியாக நறுக்கி, கட்டையின்மேல் அடி தெரியுமளவு மெல்லியதாகப் பரப்பிப் பருத்தி நூலால் சுற்றவேண்டும். கனமாக அப்பினால் அடிப்பாகம் ஒளியின்றி அழுகிக் கழன்று வந்துவிடும். பருத்தி நூல் நாளடைவில் மக்கிப்போகும். அதற்குள் பாசி தானே பற்றிக்கொள்ளும். அனுபியாஸ் போன்றவற்றின் தண்டை நைலான் நூலால் கட்டலாம். சிறு துளிப் பசையால் ஒட்டுவோரும் உண்டு. உரம் என்று சொல்லி யூரியாவையோ சாணக் கரைசலையோ தெளித்தல் பெருந்தீங்கு. அம்மோனியா ஏறிய கட்டை தொட்டியில் விழுந்தால் மீனும் இறாலும் மாண்டுபோம்.

இதனினும் கொடியது பூச்சிமருந்து. தொட்டிகளில் வளர்க்கும் சிற்றிறால்கள், மிக நுண்ணிய அளவு பூச்சிமருந்துக்கும் தாமிரச் சத்துக்கும் மடியும் இயல்பின. பருத்திக்கும் கத்தரிக்கும் மருந்தடித்த தெளிப்பானைக் கழுவிவிட்டு அதனாலேயே பாசிக்கு நீர் தெளிப்பது, விற்பவருக்குத் தெரியாமலே வாங்குபவர் வீட்டில் நஞ்சு வைப்பதாகும். இத்தொழிலுக்குத் தெளிப்பான், வாளி, கத்தரி யாவும் தனியே இருத்தல் வேண்டும். மருந்தடிக்கும் வயலின் காற்று வீசும் பக்கத்தில் தட்டுகளை வைத்தலும் ஆகாது. இதில் கண்டிப்பாக நிற்க முடியாதவர் இத்தொழிலைத் தொடாதிருப்பதே உசிதம்.

ஆதாயமும் ஆசையும்

புதுத் தொழில் எதுவாயினும் அதைச் சுற்றி ஆசைவார்த்தை கூறுவோர் கூட்டம் கூடும். கன்று நாங்கள் தருவோம், விளைந்ததை நாங்களே திரும்ப வாங்குவோம், முன்பணம் மட்டும் கட்டுங்கள் என்பார்கள். கொங்குநாட்டில் ஈமு கோழி வளர்ப்புத் திட்டங்கள் 2012ஆம் வருஷத்தில் சரிந்து விழுந்ததையும், முதலிட்ட குடியானவர்கள் பட்ட பாட்டையும் மறத்தல் ஆகாது. அங்கே பறவையில் குற்றம் இல்லை. பறவையையும் இறைச்சியையும் உண்மையாக வாங்குவோர் யார் என்று கேளாமல், புதிதாகச் சேருவோர் கட்டும் பணத்தையே ஆதாயம் என்று நம்பியதுதான் குற்றம். நீர்ப்பூண்டு விஷயத்திலும் அதே கேள்வியை முதலில் கேட்கவேண்டும். கடைசியில் விலைகொடுத்து வீட்டுக்குக் கொண்டுபோகிறவர் யார்? எத்தனை பேர்? எங்கே இருக்கிறார்கள்? இதற்கு நேரான விடை கிடைக்காத இடத்தில் ஒரு ரூபாயும் கட்டலாகாது.

ஆகவே இது நெல்லுக்கும் கரும்புக்கும் மாற்று அன்று. ஏக்கர் கணக்கில் வைக்கும் பயிரும் அன்று. இரண்டு தட்டில் தொடங்கி, அருகிலுள்ள நகரத்துக் கடைக்காரர் இருவர் மூவரோடு நேரில் பேசி, விற்றது எவ்வளவு, வாடியது எவ்வளவு என்று ஒரு வருஷம் கணக்கெழுதிப் பார்த்து, அதன்பின் பெருக்குவதே முறை. தட்டுக்கும் வலைக்கும் நூலுக்கும் ஆகும் செலவு சிறிது. முக்கிய முதல் வீட்டாரின் பொறுமையும் கைநேர்த்தியுமே. இலைப்பாசி ஈரத்தாளில் சுற்றி உறையில் இட்டால் ஒன்றிரண்டு நாள் பிரயாணம் தாங்குவதால், தபாலிலும் வெளியூருக்கு அனுப்ப இயலும்.

வியாபார நாணயம் பற்றியும் ஒரு சொல் கூறத்தகும். காலையில் பசையால் ஒட்டி மாலையில் விற்கும் கட்டைகள் சந்தையில் மலிந்து வருகின்றன. பார்வைக்கு அவையும் பசுமையே. பத்து நாளில் உதிர்ந்து போகும். விளைவிப்பவர் தமக்கென ஒரு சோதனையை வைத்துக்கொள்ளலாம். கட்டையை நீருக்குள் தலைகீழாகப் பிடித்து நன்றாக உலுக்கவேண்டும். உதிராமல் நிற்பது விலைக்கு உரியது. உதிர்வது இன்னும் ஒரு மாதம் தட்டுக்கு உரியது. காற்றில் வளர்ந்த இலைகளில் சில நீரில் அமிழ்ந்தபின் பழுத்துக் கழியும், அதன்பின் நீரிலை துளிர்க்கும் என்பதையும் வாங்குவோரிடம் முன்னதாகவே சொல்லிவிட வேண்டும். சொல்லி விற்றவர்மேல் குறை வராது.

ஓடையும் ஏரியும்

இதுவரை சொன்னவை தனியொருவர் லாபநஷ்டத்தைச் சார்ந்தவை. இனிச் சொல்வது ஊருக்கெல்லாம் பொது.

பாசிக்கு விலை உண்டு என்று தெரிந்தவுடன், மலையோடைகளுக்குச் சென்று பாறைகளைச் சுரண்டி மூட்டை கட்டும் எண்ணம் சிலருக்குத் தோன்றலாம். வளர்க்கவேண்டிய உழைப்பு இல்லாமல் வந்த பொருள் லாபம் என்பது அவர்கள் கணக்கு. ஆனால் ஒரு கையளவு பாசி பாறையைப் பற்றித் தழைப்பதற்குப் பல பருவங்கள் செல்லும். அதனுள்ளே தங்கும் நீர்ப்பூச்சிகளே ஓடை மீன்களின் உணவு. மேற்குத் தொடர்ச்சி மலையின் ஓடைப்பூண்டுகளிற் சில உலகில் வேறெங்கும் இல்லாதவை. ஈழத்திலும் கிரிப்டோகோரைன் வெண்ட்டி போன்ற பூண்டுகள் அத்தீவுக்கே உரியன. தொட்டிகளுக்கான கிரிப்டோகோரைன்களைப் பண்ணைகளில் பெருக்கி உலகுக்கு அனுப்பலாகும் என்பது நெடுங்காலமாக நிரூபணமான விஷயம். விதைநெல்லைக் குத்தித் தின்பவன் குடியானவன் ஆகான். ஓடையைச் சுரண்டி விற்பவனும் அவ்வாறே. வித்துக்கு வேண்டிய சிறு பிடியைப் பண்ணையிலிருந்தோ, திசு வளர்ப்புக் கூடத்திலிருந்தோ விலைக்கு வாங்குக, அதைப் பெருக்குக. கூடத்தில் வளர்த்ததில் நத்தையும் களையும் கலந்து வருவதில்லை என்பது உபரி லாபம்.

மற்றொரு தீங்கு இதற்கு நேர் எதிரானது. தொட்டியிலிருந்து ஏரிக்குப் போவது. ஆகாயத் தாமரையின் சரித்திரம் யாவரும் அறிந்ததே. தென் அமெரிக்காவில் தோன்றிய அப்பூண்டு அழகான பூவுக்காகவே தேசந்தேசமாகக் கொண்டுபோகப்பட்டது. வங்காளத்தில் அது ஆறுகளையும் வயல்களையும் அடைத்ததால், 1936ஆம் வருஷத்தில் அதற்கென்றே ஒரு சட்டம் இயற்றவேண்டியதாயிற்று. இன்றளவும் அது தமிழ்நாட்டு ஏரிகளை மூடிக்கொண்டுதான் இருக்கிறது. பிரேஸில் தேசத்துச் சால்வினியா கேரளத்து வயல்களையும் கால்வாய்களையும் மூட, அதைத் தின்னும் வண்டு ஒன்றை 1980களில் வரவழைத்து விடவேண்டி வந்தது. தொட்டிகளில் விரும்பி வளர்க்கும் கபோம்பா என்னும் பூண்டும் கேரளத்து நீர்வழிகளில் குடியேறிவிட்டது. இவை யாவும் யாரோ ஒருவர் அழகுக்காக வைத்து, வேண்டாமென்று எறிந்ததன் பலன்.

நீர்ப்பூண்டு பெரும்பாலும் விதையால் அன்று, துண்டால் பெருகுவது. விரல்நக அளவு துணுக்கு ஒன்று மடையில் இறங்கினால் போதும். ஆதலால் இத்தொழில் செய்வோர் மூன்று நியமங்களை மீறலாகாது. தட்டுக் கழுவிய நீரை வாய்க்காலிலோ குளத்திலோ விடாமல், தென்னை வாழையின் பாத்தியில் ஊற்றி மண்ணில் சுவறவிட வேண்டும். நறுக்கிய கழிவை வெயிலில் சருகாக உலர்த்தி எருக்குழியில் இடவேண்டும். தட்டுகளை மடைக்கும் வெள்ளம் ஏறும் தாழ்நிலத்துக்கும் எட்டாத மேட்டில் வைக்கவேண்டும். மிதந்து விரைந்து பெருகும் ஜாதிகளை விட்டு, கட்டையைப் பற்றி மெதுவாக வளரும் ஜாதிகளையே தேர்ந்தெடுக்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணமாகும். ஆயினும் அன்னியப் பூண்டு எதையும் தீங்கற்றது என்று நம்பி நீர்நிலையில் விடலாகாது. வெளிதேசத்திலிருந்து தாமே தபாலில் வரவழைப்பதும் தகாது. 2003ஆம் வருஷத்துத் தாவர நோய்த்தடுப்பு உத்தரவின்படி, அனுமதியும் தாவர ஆரோக்கியச் சான்றும் இன்றிச் செடிகளை இறக்குமதி செய்தல் குற்றம்.

கிராம உத்தியோகஸ்தர் கவனிக்கத்தக்கவை

கட்டை விஷயத்திலும் சட்டம் உண்டு. ஆற்றில் வந்தது யாருக்கும் சொந்தமன்று, எடுத்தவர்க்கே சொந்தம் என்பது ஊர்வழக்கு. 1927ஆம் வருஷத்து இந்திய வனச் சட்டத்தில் மிதந்தும் ஒதுங்கியும் கிடைக்கும் மரத்துக்கென்றே ஓர் அத்தியாயம் வகுக்கப்பட்டுள்ளது. உரிமையாளர் தம் உரிமையை நிரூபிக்கும் வரை அத்தகைய மரம் அரசாங்கத்தின் உடைமையாகவே கொள்ளப்படும் என்பது அதன் கருத்து. தமிழ்நாட்டில் 1882ஆம் வருஷத்து வனச் சட்டம் அமலில் இருக்கிறது. ஆதலால் காட்டாற்றங்கரையில் கட்டை பொறுக்க எண்ணுவோரை, முதலில் வன இலாகா அலுவலகத்தில் விசாரித்துக்கொள்ளும்படி கிராம நிர்வாக அலுவலர்கள் அறிவுறுத்துவது அவர்களுக்குச் செய்யும் பேருதவி. காப்புக்காட்டிலிருந்து பாசியோ கட்டையோ எடுத்தலை எக்காரணம் கொண்டும் ஊக்கக் கூடாது. தம் சொந்தத் தோப்பிலும் வேலியிலும் பட்டுப்போன அடிக்கட்டைகள் கிடக்க, காட்டை நாடுவானேன்?

ஊராட்சித் தலைவர்கள் தங்கள் ஏரியையும் ஊருணியையும் மாதம் ஒருமுறையாவது சுற்றிப் பார்த்து, முன்பு கண்டிராத பூண்டு ஏதேனும் தென்பட்டால் உடனே விவசாய இலாகாவுக்குத் தெரிவித்தல் வேண்டும். பத்தடிச் சதுரத்தில் உள்ளபோது நான்கு ஆட்கள் அரைநாளில் அரித்துக் கரையேற்றிவிடலாம். ஏரி முழுதும் மூடியபின் ஆயிரக்கணக்கில் செலவிட்டும் வேரறுக்க முடிவதில்லை. மீன் தொட்டி வைத்திருப்போரும் சலித்தபின் மீனையும் பூண்டையும் ஏரியில் விடுவதை ஜீவகாருண்யம் என்று எண்ணுகிறார்கள். அவ்வாறு விடப்பட்ட கவச உடல் கொண்ட தொட்டிக் கெளுத்தி இந்நாட்டு நீர்நிலைகளிலும் பெருகி, செம்படவர் வலையைக் கிழிப்பதை அவர்கள் அறியார். பள்ளிக்கூடங்களிலும் கிராம சபைகளிலும் இதனை எடுத்துரைத்தல் நலம்.

மொத்தத்தில் சொல்லப்போனால், கட்டையில் பசுமை ஏற்றும் இத்தொழிலைக் குடியானவர் இகழவும் வேண்டாம், மயங்கவும் வேண்டாம். நிழலும் மழைநீரும் ஒழிந்த வேளையும் உள்ள வீட்டில் இரண்டு தட்டு வைத்துப் பார்க்கலாம். மருந்து படாத கையும், ஓடையைச் சுரண்டாத மனமும், உலுக்கிப் பார்த்து விற்கும் நாணயமும் உள்ளவருக்கு இது சிறிதாயினும் நிலையான வரும்படி தரும். அவை இல்லாதவருக்கு அவருடைய பழைய பயிரே மேல். தொட்டியிலுள்ள வனம் வாங்குபவருக்கு அழகு. ஊரிலுள்ள ஏரி அனைவர்க்கும் உயிர். முன்னதை விற்றுப் பிழைப்பவர் பின்னதைக் காக்கும் கடமையும் ஏற்றுக்கொண்டவராவர் என்பதை உறுதியாகக் கொள்ளவேண்டும்.